விலாச நோட்டு

மதுரையிலிருந்து கூரியரில் வந்த ஒரு பார்சலைப் பிரிப்பதற்காக என் மனைவி கத்தரிக்கோலை எடுத்தபோது, உறையின் மேல் ஒட்டியிருந்த சிறிய அச்சுச் சீட்டு எங்கள் இருவரையும் சற்றுத் தயங்க வைத்தது. "பார்சலைப் பிரிக்கும்போது முதலிலிருந்து கடைசி வரை வீடியோ எடுக்கவும். ஓப்பனிங் வீடியோ இல்லாத புகார்கள் ஏற்கப்பட மாட்டாது" என்று அதில் கண்டிருந்தது. அனுப்பியவளோ அந்நியப் பெண் அல்லள். என் பெரியப்பாவின் பேத்தி, எனக்கு அண்ணன் மகள். சித்திக்கென்று பிரியத்தோடு அனுப்பிய சேலைக்கும் கடைச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை போலும் என்று சிரித்துக்கொண்டே உறையை வெட்டினோம். வெட்டிய மாத்திரத்தில், புதுப் பருத்தியின் கஞ்சி வாசனையும் அதற்கடியில் மெல்லியதாகச் சாய நெடியும் கலந்து எழுந்து, மாம்பலத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த என்னைத் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், பெரியப்பா கடையின் வெள்ளை விரிப்பின் மேல், அரைக்கால் சட்டையோடு கொண்டுபோய் உட்கார்த்தி வைத்தது.

கடை என்றவுடன் கண்ணாடிக் கதவையும் குளிர்சாதனத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் வரிசையாக உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அகலம். உள்ளே போகப் போக இருட்டு. சுவர் நெடுகப் பலகை அடுக்குகளில் மடித்து வைத்த சுங்குடிச் சேலைகள். நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரர்களின் வீடுகளில், பெண்கள் துணியை நகக்கண் அளவு கிள்ளி நூலால் முடிந்து முடிந்து சாயத்தொட்டிக்கு அனுப்ப, முடிச்சுப் பட்ட இடமெல்லாம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும் சேலை அது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழும். பெரியப்பா அந்த வீடுகளுக்கு நேரில் போய்ச் சரக்கு எடுத்து வருவார். வாங்கி வந்த சேலை ஒவ்வொன்றின் ஓரத்திலும் விலையைத் தம் கைப்பட மையினால் எழுதிய துண்டுச் சீட்டைக் குத்தி வைப்பார். கல்லாப்பெட்டிக்கு மேலே "ஒரே விலை" என்று ஒரு பலகை தொங்கும். பக்கத்துக் கடைகளில் அக்காலத்தில் கொள்முதல் விலையைச் சங்கேத எழுத்துக்களில் குறித்து வைத்துக்கொண்டு, வந்த ஆளின் செருப்பையும் காதையும் பார்த்து விற்பனை விலையைச் சொல்வது வழக்கமாதலால், எங்கள் கடைப் பலகையைப் பார்த்து நகைத்தவர்கள் அநேகர். "விலையைச் சீட்டில் போட்டுவிட்டால் பேசுவதற்கு உமக்கு என்ன இருக்கிறது?" என்று ஒரு வியாபாரி கேட்டதற்கு, "சேலையைப் பற்றிப் பேசலாமே" என்று பெரியப்பா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கடையில் என் உத்தியோகம் விலாசம் எழுதுவது. கையெழுத்து மணிமணியாக இருக்கிறது என்பதற்காக எனக்குக் கிடைத்த கௌரவம் அது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று உண்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் 'லாபம்' என்ற சொல்லும், மற்றப் பக்கங்களில் ஊர்வாரியாக வாடிக்கையாளர்களின் விலாசங்களும் இருக்கும். திருமங்கலம், மேலூர், சோழவந்தான் முதலிய சுற்றுப்பட்டு ஊர்கள் முன்னே. பொன்மலை ரெயில்வே குடியிருப்பு நடுவே. பம்பாய் மாட்டுங்காவும் டில்லி கரோல்பாக்கும் கடைசியில். விலாசத்துக்கு எதிரே பெரியப்பா மட்டும் எழுதும் ஒரு பத்தி உண்டு. அதில், "பெரிய புள்ளிதான் வேண்டும்", "அரக்கு ஆகாது; மாமியார் காலமான வருஷம்", "நீளம் போதவில்லை என்றார்கள்; அளந்து அனுப்புக", "மூத்த பெண்ணுக்கு ஐப்பசியில் கல்யாணம்", "டீச்சர்; சம்பளத் தேதிக்குப் பிறகு எழுதுக" என்றெல்லாம் குறிப்புகள் இருக்கும். வாங்கியது என்ன என்பதைக் காட்டிலும், வேண்டாம் என்று சொன்னது என்ன என்பதுதான் அந்தப் பத்தியில் மிகுதி. வாங்கியதை நினைவு வைத்துக்கொள்ள ரசீதுக் கட்டு இருக்கிறது, வேண்டாததை நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் அபிப்பிராயம்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னும், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னும் கார்டு போடும் படலம் தொடங்கும். அச்சடித்த கார்டு அல்ல. பெரியப்பா திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "சௌபாக்கியவதி அம்மாள் அவர்களுக்கு அநேக நமஸ்காரம். சென்ற தடவை தாங்கள் கேட்டு இல்லையென்று சொன்ன கத்தரிப்பூ நிறம் இப்போது இரண்டு வந்திருக்கிறது. விலை இவ்வளவு, தபால் செலவு இவ்வளவு. ஒன்றைத் தங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் ஒரு கார்டு போடவும், வருத்தம் இல்லை." கார்டு போய்ப் பதில் வந்ததும் சேலையை வி.பி.பி.யில் அனுப்புவோம். 1877ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரர் இந்நாட்டில் ஏற்படுத்திய ஏற்பாடு அது. தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார், அந்தப் பணம் மணியார்டராகக் கடைக்கு வந்து சேரும். எப்போதாவது பார்சல் வாங்குவார் இன்றித் திரும்பி வரும். அப்போதும் நோட்டில் விலாசத்தை அடிக்க மாட்டார். "வீட்டில் என்ன கஷ்டமோ" என்பார். அடுத்த பண்டிகைக்கும் கார்டு போகும்.

ஊரார் செய்த விளம்பரங்களையெல்லாம் அவரும் செய்யாமல் இல்லை. தங்கம் தியேட்டரில் இடைவேளையின்போது கண்ணாடிச் சிலைடில் கடைப் பெயர் இரண்டு விநாடி மின்னி மறையும். அதைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் படத்துக்குப் போனதும் உண்டு. மைக் கட்டிய ஜட்கா வண்டி வர்ண நோட்டீசுகளை இறைத்துக்கொண்டு போகும். பின்னால் ஓடி அதிகம் பொறுக்கியவனுக்குத் தெருவில் மதிப்பு. வருஷப் பிறப்புக்குச் சிவகாசியில் அச்சான காலண்டர். கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்த முருகனோ மீனாட்சியோ மேலே, கடை விலாசம் கீழே. அந்தக் காலண்டர்களில் சில, தேதிக் கட்டு தீர்ந்து பல வருஷம் ஆன பின்பும் பூஜை அறையில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இவற்றையெல்லாம் பெரியப்பா விசேஷமாகக் கருதியதில்லை. நோட்டீசு பார்த்து வருகிறவர் கடையைப் பார்க்க வருகிறார், கார்டு பார்த்து வருகிறவர் சேலை எடுக்க வருகிறார் என்று பிரித்துச் சொல்லுவார்.

பெரியப்பாவுக்குப் பின் அண்ணன் காலத்தில் கார்டு நின்றது. பல மாடிக் கடைகள் வந்தன. தொலைக்காட்சியில் நடிகைகள் பட்டுடுத்திச் சுழன்றார்கள். ஆடித் தள்ளுபடி என்ற ஒன்று ஊரையே அடித்துக்கொண்டு போயிற்று. வாடிக்கைக்காரர்களின் பெண்கள் சுடிதாருக்கு மாறினார்கள். நீள நோட்டு பரணுக்குப் போயிற்று. அந்த வருஷங்களைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லுவதற்கு எனக்கு விருப்பமும் இல்லை, விஷயமும் இல்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தபோது, சித்திரைத் திருவிழாவை நம்பி வாங்கி அடுக்கிய சரக்கு முழுவதும் பூட்டிய கடைக்குள் அடைந்து கிடந்தது. அவ்வருஷம் மே மாதம், பக்தர் கூட்டம் இன்றிச் சில பட்டர்கள் மாத்திரம் இருந்து மீனாட்சி திருக்கல்யாணத்தை நடத்த, ஊரார் அதைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் தரிசித்து, அவரவர் வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் வைகையில் இறங்கவில்லை. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்து ஊரடங்கில் வீடு வந்து சேர்ந்திருந்த அண்ணன் மகள், தாயார் கைபேசியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "அம்மனையே போன்ல பார்க்குறாக, சேலையைப் பார்க்க மாட்டாகளா?" என்று கேட்டாளாம். மறுநாளே கடைச் சாவியை வாங்கிக்கொண்டு, போலீஸ்காரர் கண்ணில் படாமல் சந்து வழியாகப் போய்ப் பத்துப் பன்னிரண்டு சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தவள், மொட்டைமாடிக் கொடியில் விரித்துப் படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். இருபத்து நாலு மணி நேரத்தில் தானாக மறைந்துபோகும் அந்தக் காட்சியை முதலில் பார்த்தவர்கள் சொந்தக்காரர்களும் கல்லூரிச் சிநேகிதிகளும்தான். வாங்கியவர்களும் அவர்களே.

பிறகு அவள் ஏறிய படிகளையெல்லாம் நான் மதுரைக்குப் போகும்போது அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வியாபாரிகளுக்கென்றே 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸைக் கைபேசியில் ஏற்றி, அதில் கேட்டலாக் என்ற பகுதியில் சேலைகளைப் படமும் விலையுமாக அடுக்கினாள். டிக்டாக்கை 2020 ஜூன் கடைசியில் அரசாங்கம் தடை செய்ய, ஜூலையில் இன்ஸ்டாகிராம்காரர்கள் ரீல்ஸ் என்பதை இந்தியாவில் திறந்துவிட்டார்கள். அங்கேயும் போய்ச் சேர்ந்தாள். மத்தியானம் அடுப்படி வேலை ஓய்ந்த நேரம் ஒன்று, இரவு சீரியல் முடிந்த நேரம் ஒன்று என்று படம் போடுவதற்கு அவளுக்கு முகூர்த்தங்கள் உண்டு. எதை எவருக்குக் காட்டுவது என்று அல்காரிதம்தான் தீர்மானிக்கும் என்றாள். முகம் தெரியாத அந்தக் கணக்குப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறதாம். ஒரு முறை சில நூறு ரூபாய் கட்டி ஒரு ரீலை பூஸ்ட் செய்தாள். இன்ன ஊர், இன்ன வயது, இன்னவற்றில் நாட்டம் உள்ள பெண்கள் என்று பொறுக்கிக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. பார்த்தவர்களின் எண்ணிக்கை அவளுக்கே மயக்கம் வரும்படி ஏறிற்று. சிவப்பு இருதயங்கள் குவிந்தன. சேலை கேட்டவர்கள் விரல் விட்டு எண்ணும்படியாகத்தான் இருந்தார்கள். பெரியப்பா நோட்டீசைப் பற்றிச் சொன்னதை அவளிடம் சொன்னேன். "தாத்தா அப்பவே கன்வர்ஷன் ரேட் பேசியிருக்காரு சித்தப்பா" என்றாள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் என்று ஒரு பட்டியல் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்த்து ஒரே செய்தியை அனைவருக்கும் தனித்தனியாகப் போகும்படி அனுப்பலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மாத்திரமே அது போய்ச் சேரும். அதாவது, வாடிக்கையாளரின் விலாசம் நம் நோட்டில் இருந்தால் போதாது; நம் பெயர் அவருடைய நோட்டிலும் இருக்க வேண்டும். எங்கோ கலிபோர்னியாவில் உட்கார்ந்து இதை ஏற்பாடு செய்தவர்கள் குப்பைச் செய்திகளைத் தடுப்பதற்காகச் செய்திருக்கலாம். அவர்களை அறியாமலே ஜவுளி வியாபாரத்தின் உள்மர்மம் ஒன்றை அதில் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒன்று. அந்தப் பிசினஸ் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லேபிள் ஒட்டலாம். 'புது வாடிக்கை', 'பணம் வர வேண்டும்' என்பன போன்றவை அதிலேயே தயாராக இருக்கின்றன. அண்ணன் மகள் தானாகச் சிலவற்றை உண்டாக்கியிருந்தாள்: 'கறுப்பு காட்டாதே', 'பெரிய புள்ளி', 'உயரம் அதிகம்', 'சம்பளத்துக்குப் பிறகு'. பரணிலிருக்கும் நோட்டை அவள் அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தாள். நான் நம்புகிறேன், ஜவுளிக் கடையில் உட்காரும் எவருக்கும் அந்தப் பத்தி தானாகத் தோன்றிவிடும் போலும்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழல்விளக்கின் கீழே பார்க்கும் அரக்கு, வெளியே வந்தால் வேறு அரக்கு. ஆகையால் எங்கள் கடையில் எவரும் சேலை எடுத்து முடித்தவுடன், பணத்தை வாங்குவதற்கு முன்பு, "வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்" என்று பெரியப்பா அனுப்பிவிடுவார். வெயிலில் பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பியவர்கள் உண்டு. கைபேசியிலோ இந்த அவஸ்தை பன்மடங்கு. படம் எடுக்கும் கருவி ஒரு நிறம் காட்டும், பார்க்கும் கருவி ஒரு நிறம் காட்டும். பத்தாததற்கு, பச்சையை மரகதமாக்கவும் மஞ்சளைத் தங்கமாக்கவும் ஃபில்டர் என்ற வித்தை வேறு இருக்கிறது. அண்ணன் மகள் காலை எட்டு மணிக்குள், மாடிக் கூரை நிழலில், ஃபில்டர் எதுவும் இல்லாமல் எடுத்த படத்தைத்தான் போடுவாள். நெற்றிக் குங்குமத்தையோ ஒரு வேப்பிலையையோ சேலையின் பக்கத்தில் வைத்து எடுப்பது அவளே கண்டுபிடித்த உபாயம். வேப்பிலையின் பச்சை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியுமாதலால், அதை வைத்துச் சேலையின் பச்சையை மதித்துக்கொள்ளலாம். கையால் முடிந்த சுங்குடி எது, அச்சுச் சுங்குடி எது என்பதையும் மறைப்பதில்லை. முடிச்சில் உண்டான புள்ளி ஒன்றைப் போல் மற்றொன்று இராது, அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அச்சு என்று இரண்டையும் விரல் வைத்துக் காட்டி ஒரு ரீல் போட்டாள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற பின்பும் முடிச்சுப் போடும் கைகள் குறைந்துகொண்டே வருகிற மதுரையில், அதைச் சொல்லிக் காட்டுவதற்கு ஒரு பெண் இருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முடிச்சுச் சேலைக்கு விலை ஏன் அதிகம் என்று கேட்டவர்கள் அன்றோடு ஓய்ந்தார்கள்.

பெரியப்பா காலத்தில் ஒரு தீபாவளிச் சமயம். விளக்குத்தூண் பக்கம் இரவும் பகலும் ஜனசமுத்திரமாக இருக்கும் நாட்கள். எங்கள் சந்திலும் நிற்க இடமில்லை. மேலூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, கக்கத்தில் ஒரு துணி மூட்டையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சாயம் போய் வெளிறிய சேலை ஒன்றை விரிப்பின் நடுவே உதறிப் போட்டு, "இதுதான் உன் கடைச் சேலையா? என் மக ஒரு தடவை நனைச்சா, அவ சட்டை, பாவாடை அம்புட்டும் சிவந்துபோச்சு" என்று கத்தினாள். கடைச் சிப்பந்தி அவளை உள்ளறைக்கு அழைத்துப் போக எழுந்தான். பெரியப்பா கையமர்த்தினார். "இங்கேயே உட்காரு தாயி" என்று கூட்டத்தின் நடுவிலேயே இடம் செய்து கொடுத்து, பன்னீர் சோடா வாங்கி வரச் சொல்லி, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, சேலையைத் தூக்கி எல்லாருக்கும் தெரியும்படி விரித்தார். "சாயம் போயிருப்பது வாஸ்தவம். முதல் தண்ணீரில் கல்லுப்புப் போட்டு அலசச் சொல்லி எங்கள் ஆள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்" என்றார். அவள் எடுத்துக்கொண்டு போன பின்பு, அங்கிருந்தவர்களில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. எல்லாரும் உப்பைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அண்ணன் மகளுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. அவளுடைய ரீலுக்குக் கீழே ஒரு பெண்மணி, சாயம் இறங்கிய சேலையின் படத்தோடு, ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதிவிட்டாள். ஆயிரம் பேர் பார்க்கும் இடம். அண்ணன் பதறிப்போய், "அதை அழிச்சுப்புடு, அவளை பிளாக் பண்ணிப்புடு" என்றார். இவள் அழிக்கவில்லை. அதே இடத்தில், "அக்கா, சேலையைத் திருப்பி அனுப்புங்கள், கூரியர் செலவு எங்களுடையது. முதல் அலசலுக்கு உப்புப் போட வேண்டும் என்ற விவரத்தைச் சேலையோடு வைக்காமல் விட்டது எங்கள் பிழை" என்று எழுதினாள். மறுநாள் வாளி, தண்ணீர், ஒரு கைப்பிடிக் கல்லுப்பு, அரக்குச் சேலை ஆகியவற்றோடு உட்கார்ந்து, சாயம் எப்படி இறங்குகிறது, எவ்வளவில் நிற்கிறது என்பதை ஒளிக்காமல் காட்டி ஒரு ரீல் எடுத்தாள். காசு கட்டிப் பூஸ்ட் செய்த எதையும்விட அதைத்தான் ஜனங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். பெரியப்பா காலத்து ஏச்சு அன்று மாலையே சந்தோடு கரைந்துபோயிற்று. இவள் வாங்கிய ஏச்சு இன்றைக்கும் அங்கே எழுத்தில் இருக்கிறது. கீழே இவள் பதிலும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டுத்தான் பணம் அனுப்புகிறார்கள் என்று அண்ணனே இப்போது சொல்லுகிறார்.

பணம் அனுப்புவதில்தான் காலம் தலைகீழாகிவிட்டது. வி.பி.பி. நாட்களில் கடைக்காரர் வாடிக்கையாளரை நம்பிச் சரக்கை முன்னே அனுப்பினார். 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு, ஊர் பேர் தெரியாத பெண்மணி, கண்ணால் பாராத கடைக்கு, தொட்டுப் பாராத சேலைக்காக முன்பணம் முழுவதையும் ஒரு நொடியில் அனுப்பிவிட்டுக் கூரியருக்காகக் காத்திருக்கிறாள். நம்பிக்கையின் பாரம் வாங்குகிறவர் தலைக்கு மாறிவிட்டது. அவ்வளவு நம்புகிறவளிடம் வீடியோ எடுத்து நிரூபி என்று கேட்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அண்ணன் மகளிடம் சண்டை பிடித்தேன். கிழிந்த பழஞ்சேலையைப் படம் எடுத்து அனுப்பிப் பணம் கேட்டவர்கள், பணம் கட்டாமலே கட்டியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவர்கள், இவள் எடுத்த படங்களையே திருடிப் பாதி விலை போட்டு வேறு பெயரில் கணக்குத் தொடங்கி ஊரை ஏமாற்றியவர்கள் என்று அவள் ஒரு ஜாபிதாவே வைத்திருக்கிறாள். பழைய வாடிக்கைக்காரர்களிடம் வீடியோ கேட்பதில்லையாம். சீட்டு மட்டும் எல்லா உறைக்கும் பொதுவாம். அரை மனத்தோடு ஒப்புக்கொண்டேன்.

ஒரு தளத்தில் அவள் கணக்கு ஒரு நாள் காரணம் எதுவும் தெரிவிக்கப்படாமல் முடக்கப்பட்டது. மீண்டும் கைக்கு வருவதற்குள் ஒரு பண்டிகை வியாபாரம் போய்விட்டது. அன்று முதல், வாங்கியவர்கள் பெயரையும் விலாசத்தையும் ஸ்பைரல் நோட்டு ஒன்றில் பேனாவால் எழுதிக்கொள்கிறாள். அண்ணன் பரணிலிருந்து பழைய நோட்டை இறக்கிக் கொடுத்தார். அதில் தொலைபேசி எண்கள் இருந்த சில இடங்களில் மூன்று இலக்கங்களே இருந்ததைப் பார்த்து அவள் வெகு நேரம் சிரித்தாள்.

இவ்வளவு சாமர்த்தியம் படைத்த இந்தத் தலைமுறை வியாபாரிகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் அழகழகாகச் சேலைகளைக் காட்டிவிட்டு, கீழே "விலைக்கு டிஎம் பண்ணவும்" என்று எழுதிவிடுகிறார்கள். "பிரைஸ் ப்ளீஸ்" என்று நூறு பெண்கள் கேட்டிருப்பார்கள். நூறு பேருக்கும் "இன்பாக்ஸ் செக் பண்ணுங்க சிஸ்" என்று ஒரே பதில் இருக்கும். இதற்கான காரணங்களை அண்ணன் மகள் விளக்கினாள். சேலத்தை அடுத்த இளம்பிள்ளை போன்ற நெசவு ஊர்களிலிருந்து படங்களை வாங்கி, வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் குழுக்களில் மறுவிற்பனை செய்யும் பெண்கள் எண்ணற்றவர்கள். ஒவ்வொருவரும் ஐம்பதோ நூறோ தம் பங்கைச் சேர்த்துக்கொள்வதால், மொத்த வியாபாரி விலையை வெளியே எழுதினால் அவர்கள் பிழைப்பு கெடும். போட்டிக் கடைக்காரன் பார்த்து ஐந்து ரூபாய் குறைத்துவிடுவானே என்ற பயம் இரண்டாவது. நூறு பேர் விலை கேட்டு எழுதினால், அந்தப் பேச்சுக்காகவே அல்காரிதம் அந்தப் படத்தை இன்னும் பலருக்குக் காட்டும் என்ற தந்திரம் மூன்றாவது. முதல் காரணத்தை நான் மதிக்கிறேன். கைமுதல் இல்லாத பெண்கள் கௌரவமாகச் சம்பாதிக்க அது வழி செய்கிறது. மற்ற இரண்டும் அந்தப் பழைய சங்கேத எழுத்தின் மறுபிறப்புத்தான். அன்று செருப்பைப் பார்த்து விலை சொன்னார்கள். இன்று முகப்புப் படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், பொருளின் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும் என்று சொல்லுகின்றன. சட்டம் கிடக்கட்டும், விலை கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் போய்விடும் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த அல்காரிதமும் கணக்கிட்டுச் சொல்லுவதில்லை. பெரியப்பாவின் கார்டில் விலையும் தபால் செலவும் வெளிப்படையாக எழுதியிருந்ததனால்தான், மாதச் சம்பளக்கார டீச்சரம்மாள் எவருடைய முகத்தையும் பார்க்காமல் தன் வீட்டுத் திண்ணையிலேயே கணக்குப் பார்த்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று தீர்மானிக்க முடிந்தது.

அண்ணன் மகள் ஒவ்வொரு சேலைக்கும் விலையைப் படத்தின் மேலேயே எழுதுகிறாள். அதனால் அவளுக்குக் கமெண்டுகள் குறைவு; விற்பனை குறைவில்லை. இதை வாசிப்பவர்களில் கைபேசியை நம்பிக் கடை நடத்துகிறவர் எவரேனும் இருந்தால் ஒரு வேண்டுகோள்: இன்று போடுகிற படத்தின் கீழே சேலை விலையையும் கூரியர் செலவையும் கூட்டி ஒரே தொகையாக எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகும் யாராவது வந்து "விலை என்ன?" என்று கேட்பார்கள், அவர்களுக்கும் கோபிக்காமல் பதில் எழுதுங்கள்.